ஆபீஸ் திரும்பக் கூப்பிடுகிறது, நாய்களை யாரிடம் விடுவது?

கேள்வி: வணக்கம் டாக்டர். மடிப்பாக்கத்தில் ஓர் அபார்ட்மெண்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சிறுசேரியில் வேலை. இதுவரை பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்த்துவந்தோம். அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் ஆபீஸ் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். எங்களிடம் இரண்டு நாய்கள். பிரவுனி, நான்கு வயது லாப்ரடார். மணி, இரண்டு வயது நாட்டு நாய். தெருவில் குட்டியாகக் கிடைத்தவன். இரண்டும் ஆண், கருத்தடை செய்தாகிவிட்டது. போன வாரம் இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு ஒரு ரிசப்ஷனுக்குப் போய் நான்கு மணி நேரம் கழித்து வந்தால், வாசல் கதவின் உள்பக்கம் முழுக்கச் சுரண்டல். கீழ்வீட்டுக்காரர் குரைப்புச் சத்தம் பற்றி அசோசியேஷன் குரூப்பில் எழுதிவிட்டார். இரண்டையும் டே கேரில் விடலாமா? பால்கனியில் விட்டுப் போனால் என்ன? மணியை மட்டும் திருநெல்வேலியில் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். அப்பாவுக்கு நாய் என்றால் உயிர். ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை.

பதில்: கதவைச் சுரண்டியது யார் என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அதைக் கண்டுபிடிக்கும்வரை எந்த டே கேருக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். இரண்டு நாய் இருக்கும் வீட்டில் "நாய்கள் தனியாக இருக்க மாட்டேன் என்கின்றன" என்று வந்து சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் ஒன்றுதான் தவிக்கும், இன்னொன்று கூடச் சேர்ந்து நாலு குரல் கொடுத்துவிட்டுப் படுத்துவிடும்.

வீட்டில் பழைய மொபைல் ஏதாவது கிடக்கும். அதை டிவி ஸ்டாண்டில் வாசல் தெரிகிற மாதிரி சாய்த்துவைத்து, வீடியோவை ஓடவிட்டு, ஆபீஸ் போவது போலவே கிளம்புங்கள். ஷூ, பை, வண்டிச் சாவி எல்லாம் உண்டு. கதவைப் பூட்டி, லிஃப்டில் இறங்கி, தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். போவதற்கு முன்னால் இரண்டுக்கும் பிடித்த தின்பண்டம் ஒன்றைத் தரையில் தனித்தனியாக வைத்துவிட்டுப் போங்கள். அது முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

வீடியோவில் முதல் அரை மணி நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். பிரிவைத் தாங்காத நாய்க்குத் தவிப்பு நீங்கள் கதவைச் சாத்திய சில நிமிடங்களிலேயே ஆரம்பிக்கும். வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடை, மூச்சு இரைப்பு, வாயோரம் எச்சில் ஒழுகுவது, கதவிடுக்கில் மூக்கை வைத்து ஊளை, அப்புறம் சுரண்டல். பயிற்சி நன்றாக இருந்த நாய்கூட அங்கேயே சிறுநீர் போய்விடும். கீழே வைத்த தின்பண்டம் தொடாமல் கிடக்கும். நீங்கள் திரும்பி வந்ததும்தான் போய் எடுத்துத் தின்னும். போரடித்த நாய் இப்படிச் செய்யாது. அது முதலில் தன் பங்கைத் தின்னும், அப்புறம் அடுத்தவன் பங்கைத் தின்னும், தூங்கும், எழுந்து சோபா ஓரத்தைக் கடிக்கலாமா என்று யோசிக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் மணி மேல். அவன் குட்டியாக வந்த நாளிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் இருந்திருக்கிறீர்கள். ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை. துணைக்குப் பிரவுனி இருக்கிறானே என்று கேட்பீர்கள். இந்தத் தவிப்பு ஆட்களைப் பிரிவதால் வருவது; பக்கத்தில் இன்னொரு நாய் இருப்பது பெரும்பாலும் அதைத் தணிக்காது. "துணைக்கு இன்னொரு குட்டி வாங்கட்டுமா" என்று கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதும் அதனால்தான்.

சரி, என் சந்தேகம் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு ஒத்துவராது. பிரவுனியை வாரம் இரண்டு நாள் டே கேரில் விடலாம். மணிக்கு டே கேர் வேண்டாம். வீட்டுக்கே ஓர் ஆள் வர வேண்டும். பிரவுனி வீட்டில் இருக்கும் மற்ற இரண்டு நாட்களிலும் அதே ஆள் அவனையும் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நேரக் கணக்கு. எட்டரை முதல் ஏழு என்றால் பத்தரை மணி நேரம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியைத் தூங்கியே கழிக்கும் என்பதால், பழகிய நாய் வீட்டில் நாலைந்து மணி நேரம் தனியாக இருப்பதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுநீரை ஆறு மணி நேரம், மிஞ்சினால் எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்க வைக்கக் கூடாது. அதனால் மதியம் பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் கதவு ஒரு தடவை திறந்தே ஆகவேண்டும். நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

யாரைப் பிடிப்பது? செயலியில் தேடுவதற்கு முன்னால் உங்கள் பிளாக்கையே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ரிடையர் ஆகி மதியம் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர், காலையோடு வகுப்பு முடிகிற கல்லூரிப் பையன் அல்லது பெண், பக்கத்து பிளாக்கில் தானும் நாய் வளர்ப்பவர், இவர்களில் ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு நாய் பயம் இல்லையென்றால் அவரிடமும் கேட்கலாம். ஆனால் அதைத் தனி வேலையாகப் பேசி, தனிச் சம்பளம் கொடுங்கள். பாத்திரம் தேய்க்கிற சம்பளத்திலேயே "அப்படியே நாயையும் கொஞ்சம் கீழே கூட்டிப்போயேன்" என்றால், மழை பெய்கிற முதல் நாளே நாய் கீழே போகாது. நாய் நடத்துவதையே தொழிலாகச் செய்கிற வாக்கர்களும் சென்னையில் நிறைய வந்துவிட்டார்கள். அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பீர்கள்? நான்கு, ஐந்து என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

மணி மாதிரி நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் வீட்டு வாசலிலும் லிஃப்ட் வாசலிலும்தான். நாட்டு நாயின் தலை, கழுத்தைவிடப் பெரிதாக அகலமாக இருக்காது. பயந்தால் நாலு காலையும் ஊன்றிப் பின்னால் இழுக்கும். பெல்ட் காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். புது ஆள் கையில் வெறும் பெல்ட்டும் சங்கிலியும்தான் மிஞ்சும். அதனால் மணிக்கு மார்பைச் சுற்றிப் பிடிக்கிற ஹார்னஸ் ஒன்றும் கழுத்து பெல்ட்டும் சேர்த்துப் போட்டு, இரண்டையும் இணைக்கிற கயிறாக வாங்குங்கள். வீட்டுக்குள்ளேயே ஹார்னஸ் மாட்டி, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிய பிறகுதான் வாசல் கதவைத் திறக்க வேண்டும் என்பதை வருகிற ஆளுக்கு இரண்டு மூன்று தடவை செய்துகாட்டுங்கள். கிரில் கேட் இருந்தால் அதைப் பூட்டியபடியே மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது வாலாட்டி வரவேற்கும் நாய், நீங்கள் இல்லாத வீட்டுக்குள் அதே ஆள் சாவி போட்டு நுழையும்போது பல்லைக் காட்டலாம். ராஜபாளையம், கோம்பை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நாட்டு நாய்களிலும் உண்டு. எனவே இந்த வாரமே ஆளைப் பிடித்து, முதலில் நீங்கள் இருக்கும்போது வரச்சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் உள் அறையில் இருங்கள். அதற்கும் அப்புறம் நீங்கள் படிக்கட்டில் நிற்க அவர் தனியாக உள்ளே போகட்டும். ஒவ்வொரு தடவையும் அவர் கையால் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். மணி ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த ஆளைத் தேட இப்போது நேரம் இருக்கிறது. ஆபீஸ் தொடங்கிய பிறகு இருக்காது.

பால்கனி வேண்டவே வேண்டாம். நமக்கு மின்விசிறி சுகமாக இருப்பது வியர்வை காய்வதால். நாய்க்குப் பாதங்களைத் தவிர உடம்பில் வியர்வை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். அக்னி நட்சத்திரத்தில் மூன்றாவது மாடி பால்கனியின் சிமெண்ட் தரை இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது, அதுவும் லாப்ரடாருக்கு. தவிர, தெருவில் போகிற ஒவ்வொரு பூனைக்கும் டெலிவரிப் பையனுக்கும் அங்கிருந்து குரைத்துக்கொண்டே இருப்பான். கீழ்வீட்டுக்காரர் குரூப்பில் எழுதுவது கூடத்தான் செய்யும். பகல் முழுக்கக் கட்டிப்போட்டு விட்டுப் போவதும் கூடாது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்து, நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் இருப்பது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் இரண்டு பக்கமும் காற்று வருகிற அறை, குளிர்ந்த டைல்ஸ் தரை, கவிழ்க்க முடியாத கனமான இரண்டு தண்ணீர்ப் பாத்திரங்கள் போதும். ஏசியை மட்டும் நம்பிக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டுப் போகாதீர்கள். கரண்ட் போனால் அந்த அறை என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இனி பிரவுனியின் டே கேர். லாப்ரடார் பொதுவாகக் கூட்டம் விரும்பி, அவனுக்கு இது பிடிக்கும். ஆனால் நான்கு நாளும் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாள் முழுக்க மற்ற நாய்களோடு ஓடிக்கொண்டே இருப்பது விளையாட்டாகத் தெரிந்தாலும் உடம்புக்கும் மூளைக்கும் ஓய்வில்லாத வேலை. சில நாய்கள் அதிலேயே முறுக்கேறி, வீட்டுக்கு வந்தும் அடங்காது. செலவையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்தால்கூட வாரம் நான்கு நாளுக்கு மாதம் 8,000, இரண்டு நாய்க்கு 16,000. அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்தாலே மதியத்துக்கு நல்ல ஆள் கிடைப்பார்.

இடம் பார்க்கப் போகும்போது மாலையில் போகாதீர்கள். அது வாடிக்கையாளர்களுக்காகத் துடைத்துவைத்த நேரம். காலை பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால், புது ஆளைப் பார்த்து நாய்கள் மிரளும் என்று அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தூரத்திலிருந்தாவது பார்க்க முடிய வேண்டும். முதலில் காதைத் தீட்டுங்கள். ஆள் வந்ததும் குரைத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் அடங்கினால் சரி. நிற்காமல் குரைத்துக்கொண்டே இருந்தால் அங்கே யாரும் நாய்களைக் கவனிக்கவில்லை. அடுத்து மூக்கு. மூத்திர வாடை அடிக்கக் கூடாது; அதை மறைக்கக் கண்ணெரிய ஃபினாயில் அடித்திருந்தால் அதுவும் கூடாது, பாதத்தை நக்குகிற பிராணி அது. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கேட் இருக்க வேண்டும், ஒன்றைச் சாத்தாமல் இன்னொன்றைத் திறக்கக் கூடாது. பொமரேனியனும் ஷிட்ஸூவும் ராட்வைலரோடு ஒரே முற்றத்தில் ஓடினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் ஆட்களைப் பாருங்கள். பத்து நாய்க்கு ஒருவராவது முற்றத்துக்குள்ளேயே, கையில் மொபைல் இல்லாமல் நிற்க வேண்டும். "சண்டை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அந்தப் பையனிடமே கேளுங்கள், முதலாளியிடம் இல்லை. "சண்டையே வராது சார்" என்பது தவறான பதில். வால் உள்ளே போவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்குவது, ஓரமாகப் போய் ஒடுங்குவது இதையெல்லாம் பார்த்ததும் பிரித்துவிடுவேன் என்று தன் வார்த்தையில் சொல்பவர்தான் வேண்டும். மதியம் இரண்டு மணி நேரமாவது தனித்தனியாகப் படுக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். கூண்டைப் பார்த்ததும் முகம் சுளிக்காதீர்கள். எழுந்து திரும்பிப் படுக்க இடம் இருந்தால், தூங்குகிற நேரத்துக்கு அது நல்லதுதான். மூன்று மணிக்கு நாய் மயங்கி விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி என்றும் கேட்டுவிடுங்கள். மடிப்பாக்கம் பக்கத்தில் இருந்துகொண்டு "வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவோம்" என்றால் அந்த டிராஃபிக்கில் அது பதிலே இல்லை.

சிசிடிவி இருக்கிறதா என்று எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். இருந்தால் நல்லதுதான். ஆனால் மீட்டிங்கில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு தடவை நாயைப் பார்ப்பது நாய்க்கு எதையும் செய்வதில்லை, உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும். பார்ப்பதாக இருந்தால் நாயைப் பார்க்காதீர்கள், சட்டகத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் நாயை வாங்கிக்கொள்ளும் இடத்தில் விடவே விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார். பிரவுனிக்கு ரேபிஸ் ஊசியும் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசியும் இந்த ஆண்டுக்குப் போட்டிருக்க வேண்டும். கென்னல் காஃப் என்கிற, நாய்க்கு நாய் தொற்றும் இருமலுக்கான தடுப்பு மருந்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டோடு இருக்கும் நாய்க்குப் பரவாயில்லை, டே கேர் போகும் நாய்க்கு அது அவசியம். சேர்ப்பதற்கு ஒரு வாரமாவது முன்னால் கொடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது முற்றத்தில் தண்ணீர் தேங்குகிற இடம் என்றால் அந்த மாதங்களில் அனுப்ப வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் வருகிறது, அது உங்களுக்கும் தொற்றும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது உண்ணி. சென்னை வெப்பத்தில் அதற்கு ஆண்டு முழுக்க சீசன்தான். பல வீட்டு நாய்கள் கூடுகிற இடத்தில் ஒரு நாய் கொண்டுவந்தால் போதும், சுவர் விரிசலுக்குள் போய்க் குடியேறிவிடும். உண்ணிக்கு மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. பிரவுனிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். டே கேரிலிருந்து வந்த அன்று மாலை காது மடிப்பு, விரலிடுக்கு, பெல்ட்டுக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணியால் வருகிற காய்ச்சல், அது கடித்த அன்றே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் சாப்பாட்டை மோந்துவிட்டு ஒதுங்குவான். லாப்ரடார் சாப்பிடவில்லை என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் இருக்கிற காய்ச்சல், வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான புரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

மணிக்கு வருகிறேன். வீடியோவில் நான் சொன்னபடி தவித்தால், அதைக் கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு போங்கள். இப்போதே போங்கள், ஆபீஸ் ஆரம்பித்த பிறகு வேண்டாம். இதற்குக் கொடுக்கிற ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மருந்துகள் முழுதாக வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இவை மயக்க மருந்து இல்லை, நாய் நாள் முழுக்கக் கிறங்கிக் கிடக்காது; பதற்றத்தைக் குறைத்து, பயிற்சி மண்டையில் ஏற வழிவிடும். எல்லா நாய்க்கும் தேவைப்படாது. பயிற்சி எல்லாருக்கும் தேவை. சாவியை எடுங்கள், எங்கும் போகாமல் திரும்ப வையுங்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்குங்கள். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை என்ற நிலை வந்ததும், கதவுக்கு வெளியே பத்து விநாடி, அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டுங்கள். அவன் பதறுவதற்கு முன்னால் உள்ளே வந்துவிடுவதுதான் இதில் முழு வேலையும். சுரண்டியதற்காகத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். தனிமைப் பயத்தோடு நீங்கள் திரும்பி வருகிற பயமும் சேர்ந்துகொள்ளும்.

அசோசியேஷன் விஷயம் சுருக்கமாக. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் கூட்டிப்போவதையோ தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தெளிவாகவே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் கீழ்வீட்டுக்காரரிடம் நீட்டாதீர்கள். நான்கு மணி நேரம் ஊளையைக் கேட்டவர் அவர். நேரில் போய், இன்ன ஏற்பாடு செய்கிறோம், இன்னும் ஒரு மாதம் ஆகும், பகலில் சத்தம் கேட்டால் இந்த எண்ணுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள் என்று சொல்லுங்கள். பகலில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல இனி அவர் ஒருவர்தான் இருக்கப்போகிறார். கூடவே இரண்டு நாய்க்கும் மாநகராட்சி உரிமமும், தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவை கட்டாயம். மணி என்றைக்காவது கை நழுவினால் அந்தச் சிப்தான் அவனை உங்களிடம் திரும்பக் கொண்டுவரும்.

கடைசியாக, திருநெல்வேலி. பிரிவைத் தாங்காத நாயை, அவன் அறிந்த எல்லாரிடமிருந்தும் பிரித்து ஊருக்கு அனுப்புவது வைத்தியமாகாது. புது இடத்தில் கேட் திறந்திருந்தால் முதல் வாரத்திலேயே உங்களைத் தேடிக் கிளம்பிவிடுவான். ஆனால் கணவர் சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மணியை அப்பாவிடம் அனுப்புவதற்குப் பதிலாக, அப்பாவை மூன்று நான்கு வாரம் இங்கே வரவழையுங்கள். பயிற்சி முடிகிறவரை மணி ஒரு நாளும் முழுப் பகல் தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையில் பாதி. மதியம் வருகிற ஆளுக்கு வீட்டைப் பழக்கவும் ஒரு பெரியவர் இருப்பது நல்லது. தினமும் சாயந்தரம் அப்பா கோயிலுக்கோ கடைக்கோ போய்வரும் அரை மணி நேரமே மணிக்கு ஒரு பாடமாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: அப்பாவுக்கு நாய் என்றால் உயிர் என்கிறீர்கள், பிரவுனி லாப்ரடார். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்காத ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2016-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாவம், பசிக்கிறது பார் என்று தட்டில் தயிர் சாதம் விழுந்துகொண்டே இருக்கும். ஊரிலிருந்து வந்த அன்றே அளவுக் கப்பை அவர் கையில் கொடுத்து, இதற்கு மேல் ஒரு கவளம்கூடக் கிடையாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.